க்ஷேமம் இல்லாத கடிதம்

எங்கள் வீட்டிலிருந்து போகும் கடிதங்கள் எல்லாம் ஒரே வாக்கியத்தில்தான் தொடங்கும். "கர்த்தருடைய கிருபையால் இங்கு யாவரும் க்ஷேமம். அங்கு தங்கள் க்ஷேமத்துக்காக ஜெபிக்கிறோம்." வாயால் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. பாறசாலைக் கடைத்தெருவில் தெரிந்தவர்கள் எதிர்ப்பட்டால் "சொகம்தானே" என்று கேட்பார்கள். பள்ளிக்கூடப் பாடத்தில் நலம் என்று இருந்தது. க்ஷேமம் மட்டும் கோயிலுக்குப் போக மடித்து வைத்த உடுப்பு மாதிரி கடிதத்துக்கென்றே இருந்தது.

அப்பா ஒரிசாவில் பாலம் கட்டும் ஒரு கம்பெனியில் வெல்டராக இருந்தார். கிறிஸ்துமசுக்கு மட்டும் எங்கள் ஊர் குளத்தூருக்கு வருவார். அம்மா மாதம் இரண்டு இன்லண்ட் எழுதுவாள். கூரை ஒழுகி நாங்கள் பெஞ்சுக்கு அடியில் படுத்திருந்த வாரத்திலும் யாவரும் க்ஷேமம். பசு செத்தபோதும், தம்பிக்கு மணல்வாரி அம்மை போட்டபோதும் அந்த முதல் வரி மாறவில்லை. மற்ற கஷ்டங்களெல்லாம் அதற்குப் பிறகுதான் வரிசையாக வரும்.

எனக்குப் பத்து வயதும் தம்பிக்கு நான்கு வயதுமாக இருந்த ஆண்டு அம்மாவுக்கு மஞ்சள்காமாலை வந்தது. கண்ணும் நகமும் மஞ்சளாகி, எழுந்து உட்காரவே முடியாமல் உள்ளறையில் கிடந்தாள். சமையலுக்கும் மருந்து அரைக்கவும் சித்தி வந்திருந்தாள். கடிதம் எழுத வேண்டிய நாள் கடந்துவிட்டதால் அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"எனக்கு தீனமெண்ணு எழுதாண்டாம் மக்கா. அவரு அங்கெ ஒற்றைக்குக் கெடந்து வெசனப்படுவாரு. எப்பளும் எழுதுகது போல எழுது."

நான் அப்போது ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனத்துக்குப் பரிசு வாங்கியிருந்தேன். பரிசோடு கொஞ்சம் திமிரும் வந்திருந்தது. பொய் சொல்லக் கூடாது என்று மற்றப் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லித் திரிந்த காலம் அது. அம்மா மஞ்சளாகப் படுத்திருக்கும்போது யாவரும் க்ஷேமம் என்று எப்படி எழுதுவது? அதிலும் கர்த்தருடைய பெயரைச் சொல்லிவிட்டு? நோயைப் பற்றி எழுதினால் அம்மா சொல்லைத் தட்டியதாகும். பேனாவைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். கடைசியில், இரண்டு பாவத்துக்கும் நடுவே ஒரு வழி கண்டுபிடித்தேன். முதல் வரியையே விட்டுவிட்டேன். அன்புள்ள அப்பாவுக்கு என்று தொடங்கி, கணக்கில் நான் வாங்கிய மார்க்கு, மேலாங்கோட்டுத் தோட்டத்தில் வரிக்கைப் பலா காய்த்தது, சித்தி வந்திருப்பது என்று பக்கத்தை நிரப்பி ஒட்டி, பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். அன்று என்னைப் போல் ஒரு நீதிமான் அந்தப் பஞ்சாயத்திலேயே இல்லை என்று தோன்றியது.

எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. எங்கள் பக்கத்தில், வீட்டில் மரணம் நடந்து எழுதும் கடிதத்தில் மட்டும்தான் க்ஷேமம் எழுத மாட்டார்கள். தூரத்தில் இருப்பவனுக்குச் சாவை நேராக எழுதக் கை வராதவர்கள், அந்த வரியை விட்டுவிட்டு வேறு எதையாவது எழுதி அனுப்புவார்களாம். வாங்கியவன் புரிந்துகொண்டு புறப்படுவான். அப்படிப்பட்ட கடிதத்தை வீட்டில் வைத்திருக்க மாட்டார்கள், படித்ததும் கிழித்துவிடுவார்கள். அதனால் பிள்ளைகள் கண்ணில் அது பட்டதே இல்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம். முற்றத்தில் பாய் விரித்துப் புளி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வேலியருகே அப்பா நின்றார். தீப்பொறி பட்டு ஓட்டை விழுந்த வேலைச் சட்டையோடு, தாடியோடு, கையில் ஒன்றுமில்லாமல் நின்றார். வழக்கமாக வரும்போது தகரப்பெட்டியும் பலகாரமும் இருக்கும். நான் சந்தோஷத்தில் துள்ளி எழுந்தேன். அவர் என்னைத் தாண்டிச் சாத்தியிருந்த கதவைப் பார்த்தார்.

"தம்பி எங்கெ மக்கா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள், குரல் கேட்டுத் தம்பி வீட்டுப் பின்பக்கமிருந்து நிக்கரைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். அப்பா அவனைப் பார்த்தார். பார்த்ததும் அந்தப் புளிப்பாயிலேயே உட்கார்ந்துவிட்டார். தம்பி அவர் முதுகில் ஏறினான், சட்டைப்பையில் கைவிட்டு மிட்டாய் தேடினான். அப்பா அவனைத் தொடவில்லை. அம்மா எங்கே என்று கேட்கவும் இல்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை மாதம் கழித்து வந்தவர் பிள்ளையைத் தூக்காமல் இருக்கிறாரே என்று எனக்கு அவர்மேல் கோபம் வந்தது.

அப்போது உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "முற்றத்துல ஆராக்கும்?"

அப்பா வாய்விட்டு அழுதார். அதற்கு முன்னும் பின்னும் அவர் அழுது நான் பார்த்ததில்லை. பிறகு எழுந்து உள்ளே ஓடினார்.

சாயங்காலம் சித்தி, அப்பா சட்டைப்பையில் கொண்டுவந்திருந்த அந்த இன்லண்டை விரித்து வைத்துக்கொண்டு என்னை நிறுத்தினாள். "ஏட்டி, க்ஷேமம் இல்லாத காயிதம் சாவுக்காயிதமாக்கும். ஒனக்கு ஆரு சொல்லித் தந்தா இப்பிடி எழுத?" நான் பொய் எழுதக் கூடாது என்பதற்காகத்தான் என்று விளக்க முயன்றேன். சித்தி தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா, பிள்ளையை ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று மட்டும் சொன்னார். அம்மா பல ஆண்டுகளாக எழுதிவந்ததில் ஒரு பொய்யும் இல்லை என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு தலையும் குறையாமல் இருக்கிறோம் என்பதற்கு மேல் அந்தச் சொல்லில் அவள் எதையும் சொன்னதில்லை.

லீவு கேட்டுக் காத்திராமல் வந்ததால் கம்பெனியில் அவருடைய இடம் போய்விட்டது. பிறகு பனச்சமூட்டில் ஒரு பட்டறையில் சேர்ந்தார். அம்மா தேறிவிட்டாள். அப்பா தினமும் வீட்டுக்கு வந்தது எனக்கு லாபம்தான். ஆனால் குழம்பில் நல்ல மீன்துண்டு எப்போதும் தம்பிக்குப் போயிற்று. அவனை ஒருநாளும் திட்டமாட்டார். ஆண்பிள்ளை என்பதால்தான் என்று நான் வெகுகாலம் மனதுக்குள் வைத்திருந்தேன்.

அப்பா இப்போது இல்லை. போவதற்கு முந்தின வருடம் நெய்யாற்றின்கரையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் அவரும் டோக்கன் கூப்பிடக் காத்திருந்தோம். நான் கேட்காமலே அந்தக் கடிதத்தின் பேச்சை எடுத்தார்.

"ஒன்கெ கையெழுத்து இருந்துது, அதனால நீ உண்டு. அப்பம் செத்தது ஒண்ணு ஒன்கெ அம்ம, இல்லெங்கி பய. ரெயில்ல மூணு நாளு ஜெபம் பண்ணக்கூட முடியல்ல. ஒருத்தருக்காவச் செய்தா மற்ற ஆளெ விட்டுக்குடுத்தது போல ஆவுமே." கையிலிருந்த டோக்கனைத் திருப்பிப் பார்த்தார். "அவன் ஓடி வந்தப்பம் நான் சந்தோசப்படல்ல மக்கா."

முற்றத்தில் நின்ற எனக்கு, அப்பா தம்பியைத் தூக்கவில்லை என்பது மட்டும்தான் தெரிந்தது. அவன் உயிரோடு ஓடிவந்த அந்த நேரத்தில் அப்பாவுக்கு அம்மா செத்துப்போயிருந்தாள் என்பது தெரியவில்லை.