மூன்றாவது ரைடுக்குப் போகிற ஆள்

கபடியில் சாவதற்கென்று ஒரு ஆள் வேண்டும். எங்கள் ஷூ கம்பெனி டீமில் பதினோரு வருஷம் அந்த ஆள் நான்தான்.

விளையாட்டு தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இரண்டு தடவை தொடர்ந்து ரைடு போய், எதிர் டீமில் ஒருத்தனையும் தொடாமல் வெறுங்கையோடு திரும்பினால், மூன்றாவதாகப் போகிறவன் யாரையாவது தொட்டே ஆக வேண்டும். தொடாமல் வந்தாலும் அவுட், பிடிபட்டாலும் அவுட். இது எதிரே நிற்கிற ஏழு பேருக்கும் தெரியும். பந்தியில் இலை போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் மாதிரி நிற்பார்கள். அந்த நேரத்தில் நல்ல ரைடரை அனுப்பி அவன் அவுட்டாகி வெளியே போய் உட்கார்ந்தால் டீமே படுத்துவிடும். அதனால் போனால் போகட்டும் என்கிற மாதிரி ஒரு ஆளை அனுப்புவார்கள். எங்கள் கோச் அப்படி ஒரு ஆளைத் தேடியதே இல்லை. அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் நான் எழுந்து நின்றுவிடுவேன்.

எட்டாம் வகுப்பில் இரண்டு தடவை நின்றவன் நான். தோற்பதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. அதற்கென்று ஒரு முறையும் வைத்திருந்தேன். கோட்டைத் தாண்டியதும் கண்ணை மூடிக்கொண்டு ஓடுவேன். யாராவது பிடித்துக்கொள்வார்கள். பதினோரு வருஷத்தில் ஒருத்தனும் என்னை ஏமாற்றியது கிடையாது.

இதற்குப் பதிலாகக் கம்பெனி எனக்குக் கொடுத்தது பர்மிஷன். டீமில் இருக்கிற பன்னிரண்டு பேர் மட்டும் மதியம் மூன்று மணிக்கு லைனை விட்டு வெளியே வந்து கிரவுண்டுக்குப் போகலாம். மற்றவர்கள் முழு ஷிஃப்ட் நிற்க வேண்டும். எனக்கு ஷூவின் அடிப்பாகம் ஒட்டுகிற வேலை. சொல்யூஷன் என்று நாங்கள் சொல்கிற பசையை பிரஷ்ஷில் எடுத்துத் தடவிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று மணிக்கு மேல் அந்த வாசனையில் தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் வேலை செய்யும். ஆகையால் பன்னிரண்டாம் நம்பர் சட்டையை நான் வீட்டுப் பத்திரம் மாதிரி பத்திரமாக வைத்திருந்தேன். வீட்டுக்குப் பத்திரம் கிடையாது, அது வேறு விஷயம்.

அதே டீமில்தான் அண்ணனும் இருந்தார். அவரைவிட மூத்தவர்கள்கூட அவரை அண்ணன் என்றுதான் சொல்வார்கள். இரண்டு சீசன் டிவியில் ஆடியவர். அதற்கப்புறம் எங்கள் கம்பெனி கூப்பிட்டு ஸ்டோர்ஸில் ஒரு வேலை கொடுத்து வைத்துக்கொண்டது. எங்கள் பக்கத்தில் அவர் ரைடு போகிறார் என்றால் தறியை நிறுத்திவிட்டு வந்து பார்க்கிறவர்கள் இருந்தார்கள். நானும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், எப்படிச் செய்கிறார் என்று கடைசி வரை புரியவில்லை. எதிராளி கை நீட்டும்போது அங்கே இருப்பார், கை போய்ச் சேரும்போது இருக்க மாட்டார். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

எட்டு வருஷம் ஒரே டீமில் இருந்தும் நாங்கள் அதிகம் பேசியதில்லை. அவர் உள்ளே ஆடும்போது நான் வெளியே. நான் உள்ளே போகும்போது அவர் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். யோசித்துப் பார்த்தால் நான் செத்ததெல்லாம் அவர் மூச்சு வாங்குவதற்காகத்தான்.

போன வருஷம் அவருக்கு முப்பத்தாறு வயது. இடது முட்டியில் ஆபரேஷன் ஆகி ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். வந்து பார்த்தால் அவர் இடத்தில் இருபத்திரண்டு வயதில் ஒரு புது ரைடர் இருந்தான். நல்ல ஆட்டக்காரன். அண்ணனுக்குக் கொடுக்கக் கோச்சிடம் ஒரே ஒரு வேலைதான் மீதி இருந்தது. அது என்னுடையது.

ஆனால் அதை அவரிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. டைம் ஆபீஸில் வேலை செய்கிற பாய் ஒருத்தர்தான் எங்கள் டீம் மேனேஜர். கேன்டீனில் அவர்தான் விஷயத்தை என் காதில் போட்டார். கோச் பேஜாராகிக் கிடக்கிறாராம். டிவியில் ஆடின மனுஷனைப் பார்த்து, போய்ச் செத்துட்டு வா என்று எப்படிச் சொல்வது என்கிறாராம். அதனால் குடியாத்தம் டோர்னமென்ட்டில் முதல் மேட்ச்சுக்கு முன்னால் மேடையில் ஏற்றி, சால்வை போட்டு, கௌரவமாக வழியனுப்பிவிடலாம் என்று முடிவு. சால்வை வாங்கியாகிவிட்டது.

"அப்ப என் சட்ட எனக்குத்தானே பாய்?" என்று கேட்டேன்.

"உன் சட்டைய எவன் கேக்கறான் தோஸ்த்," என்றார் பாய்.

இரண்டு நாள் கழித்து ஒருத்தர் கேட்டார்.

அன்றைக்கு அண்ணன் எங்கள் செக்‌ஷனுக்கு வந்தார். எட்டு வருஷத்தில் அவர் அந்தப் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை. லைனில் இருந்தவர்கள் எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். நேராக என் மேஜைக்கு வந்து நின்றார்.

"உன் வேலைய ஒரு மேட்ச்சுக்கு எனக்குக் குடு," என்றார்.

நான் பிரஷ்ஷை எடுத்து அவரிடம் நீட்டினேன். என் புத்தி அவ்வளவுதான்.

"இது இல்ல. மூணாவது ரைடு."

"இன்னாணா நீ. அது சாவற வேல."

"தெரியும். எனக்கு அது ஒன்னுதான் மிச்சம். முட்டி கேக்க மாட்டேங்குது, மொத ரெண்டு ரைடுக்கு இனிமே என்ன யாரும் அனுப்ப மாட்டாங்க. சால்வ போட்டுட்டாங்கன்னு வெய்யி, அப்பறம் எந்த கிரவுண்டுக்குப் போனாலும் முன்னாடி சேர் போட்டு ஒக்கார வெச்சிடுவாங்க. எனக்குச் சேர்ல ஒக்கார வராதுப்பா."

அவர் கெஞ்சவில்லை. கடையில் ஒரு பொருள் இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி கேட்டார். என் வாழ்க்கையில் என்னிடம் இருக்கிற ஒரு பொருளை இன்னொருத்தன் கேட்டது அதுதான் முதல் தடவை. அதனால் எனக்குக் கொஞ்சம் திமிர் வந்துவிட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவரும் தலையாட்டிவிட்டு, ஒட்டாமல் கிடந்த ஒரு ஷூவை எடுத்துப் புரட்டிப் பார்த்து வைத்துவிட்டுப் போனார்.

கம்பெனி பஸ்ஸில் மாதனூருக்கு வீடு திரும்பும்போது என் மனைவியிடம் சொன்னேன். அவள் ஸ்டிச்சிங்கில் இருக்கிறாள். என்ன சொல்லட்டும் என்று கேட்டேன்.

"அவரு செத்தாலும் ஊரே வந்து பாக்கும். நீ செத்தா எனக்கே தெரியறதில்ல. கைல மண்ணோட வந்தாத்தான் இன்னிக்கு மேட்ச்சுன்னு தெரியுது," என்றாள். முன் சீட்டில் இருந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள்.

மறுநாள் சரி என்றேன். ஒரு மேட்ச்சுக்கு மட்டும் என்று கறாராகச் சொன்னேன். அவர் அதோடு விடவில்லை. எப்படிச் சாவது என்று சொல்லிக்கொடுக்கச் சொன்னார். நானும் கூச்சமே இல்லாமல் சொல்லிக்கொடுத்தேன். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். குண்டாக இருக்கிறவன் மேல் போய் விழ வேண்டும், அடி கம்மி. பிடித்ததும் உடம்பை விட்டுவிட வேண்டும், துள்ளினால் மேலே இன்னும் இரண்டு பேர் வந்து விழுவார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். நடுவில் ஒரு சந்தேகம்கூடக் கேட்டார். எந்தச் சந்தேகம் என்று நினைவில்லை. அவர் என்னிடம் சந்தேகம் கேட்டார் என்பதுதான் நினைவிருக்கிறது.

குடியாத்தத்தில் அண்ணன் மேடை ஏறவில்லை. பன்னிரண்டாம் நம்பர் சட்டையைப் போட்டுக்கொண்டு டீமோடு போய் உட்கார்ந்துவிட்டார். பாய் சால்வையை என்ன செய்வது என்று தெரியாமல் ஏற்கெனவே மூன்று சால்வை வாங்கியிருந்த சிறப்பு விருந்தினருக்கே நான்காவதாகப் போட்டுவிட்டார். கோச் என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு ஓரமாகப் போனேன்.

முதல் மேட்ச்சில் எங்களுக்கு மூன்றாவது ரைடு வந்ததும், கோச் திரும்பவே இல்லை. அண்ணனே எழுந்து போனார். கூட்டம் சத்தம் போட்டது. அவர் இடது பக்கம் நகர்ந்தார். அங்கே நின்றவன் கணுக்காலைப் பிடித்து இழுத்துப் போட்டான். மூன்று நிமிஷம் கழித்து மறுபடியும் போனார். இந்தத் தடவை நடுவில் நிற்கிறவன் இடுப்பில் பிடித்தான். அவர் வெளியே வந்து உட்கார்ந்தபோது கூட்டத்திலிருந்து ஒருத்தன், "டிவி ரிப்பேரு," என்று கத்தினான். சிரிப்பு எழுந்தது.

அண்ணன் திரும்பி அவனைப் பார்த்து, "பழைய செட்டுப்பா. தட்டுனா வரும்," என்றார்.

எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். இவர் என்னைவிட மோசமாகச் சாகிறார் என்று. நான் சொல்லிக்கொடுத்த ஒன்றையும் செய்யவில்லை. கண்ணை மூடவில்லை. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆளிடம் போய் மாட்டுகிறார். துள்ளாமல் படுக்கவும் இல்லை. அந்தப் பக்கம் இழுத்துப் பார்க்கிறார், இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்.

அப்புறம்தான் தண்ணீர் கொடுக்கப் பக்கத்தில் போனேன். புது ரைடரைக் கூப்பிட்டு அவர் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

"லெஃப்ட்ல இருக்கறவனுக்கு வலது கை சுண்டுவெரல் வேல செய்யல. எப்பவோ ஒடிஞ்சிருக்குது. காலப் பிடிச்சான்னா உள்பக்கம் இழுக்காத, வெரல் பக்கமா திருப்பு. நடுவுல இருக்கறவன் இடுப்பத்தான் பிடிப்பான். பிடி கெட்டி, ஆனா மூச்சு இல்ல. மனசுல எட்டு எண்ணு, தானா விடுவான்."

அடுத்த ரைடில் புது ரைடர் போனான். இடது பக்கத்துக்காரன் கணுக்காலைப் பிடித்தான். பையன் காலை விரல் பக்கமாகத் திருப்பினான். சேற்றிலிருந்து கிழங்கு வருகிற மாதிரி கால் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. கோட்டைத் தொட்டுவிட்டான். அதற்கப்புறம் இன்னொரு ரைடில் நடுவில் நிற்கிறவனிடம் மாட்டி, இழுத்துக்கொண்டே நின்றான். நான் எண்ணினேன். பிடித்தவன் ஏழிலேயே விட்டுவிட்டான்.

கையில் இருந்த கேன் தண்ணீரை யாருக்கும் கொடுக்காமல் நானே குடித்தேன்.

மேட்ச் ஜெயித்த பிறகு, இதெல்லாம் எப்படித் தெரியும் என்று அவரிடம் கேட்டேன்.

"இத்தினி வருஷமா எவன் கைலயும் மாட்டாமலே ஆடிட்டேன்," என்றார். "எவன் பிடி எப்டின்னு எனக்குத் தெரியவே தெரியாது. பிடிபட்டாத்தானே தெரியும். நல்லா இருக்குதுப்பா இது."

நல்லா இருக்குது என்று சொன்னார். முட்டி வீங்கி, முழங்கை தேய்ந்து, கூட்டம் சிரித்து, அதற்கு நடுவில் முப்பத்தாறு வயதில் ஒரு மனுஷன் கபடியில் தனக்குத் தெரியாத பாதியைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பாதியில் நான் பதினோரு வருஷம் குடியிருந்தேன். ஒரு தடவைகூட விளக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

சொல்லிவிட்டு அவர் சட்டையைக் கழற்றினார். "ஒரு மேட்ச்சுன்னுதான் கேட்டேன். இந்தா," என்று கொடுத்தார்.

நான் பெரிய மனுஷன் மாதிரி வேண்டாம் என்று சொன்னேன் என்று எழுத ஆசைதான். வாங்கிக்கொண்டேன். டோர்னமென்ட் முடிந்ததும் கோச் புதுப் பன்னிரண்டு பேர் லிஸ்டைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பார். அதில் இல்லாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து முழு ஷிஃப்ட்.

மறுநாள் காலை மேட்ச்சில் நான் இறங்கினேன். கண்ணை மூடக் கூடாது, பிடியைக் கவனிக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு போனேன். கோட்டைத் தாண்டினேன். கண்ணைத் திறந்து வைத்தேன். ஏழு பேரும் ஒரே நேரத்தில் தெரிந்தார்கள். அதற்கு முன்னால் அவர்கள் அவ்வளவு பெரியவர்களாக இருந்தது எனக்குத் தெரியாது. பிடித்தார்கள். வெளியே வந்தேன். அண்ணன் சாதாரணச் சட்டையோடு கோட்டுக்கு வெளியே குந்தி உட்கார்ந்திருந்தார்.

"பிடி எப்டி?" என்று ஆவலாகக் கேட்டார்.

"பிடிச்சான்ணா."

"எந்தக் கைல?"

யோசித்தேன். "கைலயே பிடிச்சான்," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சட்டை இன்றைக்கும் என்னிடம் இருந்திருக்கும். எனக்குத் தெரியாமல் போய்விட்டதற்காக அவர் முகத்தில் நிஜமாகவே ஒரு வருத்தம் வந்தது. கையில் கிடைத்ததை நான் கீழே போட்டுவிட்டு வந்த மாதிரி. எழுந்து நின்று அந்தப் பிடித்தவனின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்திலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா என்று.

அந்த மேட்ச்சைத் தட்டுத் தடுமாறி ஜெயித்தோம். மதியம் செமி ஃபைனல். நான் பாயிடம் போய், கால் சுளுக்கிக்கொண்டது, என்னால் முடியாது, கோச்சிடம் சொல்லிவிடு என்றேன்.

பாய் என் இரண்டு காலையும் பார்த்தார். "எந்தக் கால்?"

"எந்தக் காலுன்னு வேணா எழுதிக்கோ பாய். லிஸ்ட்ல என் பேரயும் எழுத வேணாம். திங்கக்கெழம நான் லைன்ல நிக்கறேன்."

அவர் என் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார். அண்ணனிடம் சட்டையை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கால் சரியில்லை என்றேன். அவரும் என் காலைப் பார்த்தார். முட்டிக்காக ஆறு மாதம் படுத்துக் கிடந்த மனுஷனிடம் போய்க் கால் வலி நடிக்கிறேன். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டார்.

செமி ஃபைனலில் அவர் நான்கு தடவை போனார். நான்கு தடவையும் அவுட். கடைசித் தடவை ஐந்து பேர் மேலே விழுந்தார்கள். ஆள் தெரியவில்லை, ஒரு கை மட்டும் வெளியே நீண்டு மண்ணில் கோட்டைத் தேடிக்கொண்டிருந்தது. ஆனால் அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து கபடி கபடி என்று குரல் வந்துகொண்டே இருந்தது. அவசரம் இல்லை, உடையவில்லை. கோட்டுக்கு நடுவில் தனியாக நிற்கிற மாதிரி வந்தது. அம்பயர் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டார். என்னைப் பிடித்தவுடனே நான் வாயை மூடிவிடுவேன். பாட்டை நிறுத்தாத வரைக்கும் சாகவில்லை என்று எனக்கும் விதி தெரியும். தெரிந்து என்ன.

கூட்டம் அடங்கிவிட்டது. ரிப்பேரு என்று கத்தினவனும் அங்கேதான் எங்கேயோ இருந்திருப்பான். அவரோடு சேர்ந்து நானும் மூச்சை அடக்கிப் பார்த்தேன். வெளியே, காற்றோட்டமாக, மேலே யாரும் விழாமல் நின்றுகொண்டு பார்த்தேன். எனக்குப் பத்து எண்ணுவதற்குள் போதும் என்று ஆகிவிட்டது. வாயைத் திறந்து மூச்சை இழுத்தேன். அவர் இன்னும் பாடிக்கொண்டிருந்தார்.