எல்லாப் பெட்டியும் வந்தாச்சா?

அலுவலகத்தில் அவளுக்கு ஸ்டாப்வாட்ச் என்று பெயர். புதிதாகச் சேர்ந்தவர்கள் மரியாதைக்கு ஓர் அக்காவை ஒட்டவைத்து ஸ்டாப்வாட்ச் அக்கா என்பார்கள். வேகத்தை அளக்கிறவள் என்றதும் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடுகிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் ஒரு டீயைக் குடித்து முடிப்பதற்குள் மற்றவர்கள் சமையலே முடித்துவிடுவார்கள்.

அவள் வேலை இதுதான். ஒரு பஸ் கம்பெனியின் டிக்கெட் விவரம் அத்தனையும், எந்த வண்டியில் எந்த சீட்டில் யார் என்பது உட்பட, கிளவுடில் இருக்கிறது. கிளவுட் என்றதும் அண்ணாந்து பார்க்க வேண்டாம். எங்கோ ஒரு குளிர்ந்த கட்டடத்தில் வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டர்கள், அவ்வளவுதான். அந்த விவரக் கிடங்குக்கு, அதாவது டேட்டாபேஸுக்கு, தினமும் பேக்கப் என்று ஒரு பிரதி எடுத்து வைப்பார்கள். அசல் என்றைக்காவது படுத்துவிட்டால் அந்தப் பிரதியிலிருந்து மீட்க வேண்டும். பிரதி எடுக்க எவ்வளவு நேரம், மீட்க எவ்வளவு நேரம் என்று அளந்து சொல்வது அவள் பொறுப்பு.

மீட்கத் தொடங்கியதும் திரையில் ஒரு பச்சைக் கோடு ஊர்ந்துபோகும். அதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் அவளுக்கு ஒரு சொக்கல். ஜன்னல் வழியே மத்தியான வெயில் மேசைமேல் வழியும். ஏசி மெல்ல முனகும். காணாமல் போன பயணிகளெல்லாம் ஒவ்வொருவராக வந்து அவரவர் சீட்டில் உட்காருவதுபோல அவளுக்குத் தோன்றும். ஜன்னலோரத்துக்குச் சண்டை பிடிக்கிறவர்கள், ஏறியதும் குறட்டை விடுகிறவர்கள், அடுத்தவர் தோளில் சாய்ந்துகொள்கிறவர்கள். கோடு அந்தப் பக்கம் முட்டியதும் டேட்டாபேஸ் திறக்கும். அவள் அதனிடம் மூன்று கேள்விகள் கேட்பாள். எப்போதும் அதே மூன்று. பதில் வந்ததும் கடிகாரத்தை நிறுத்துவாள். கால் மணி நேரம். மேலாளர் அந்தக் கால் மணி நேரத்தை, தன் பிள்ளை முதல் மார்க் வாங்கியதைச் சொல்வதுபோல, பஸ் கம்பெனிக்காரர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவள் கணவன் டைல்ஸ் மேஸ்திரி. போன மாதம் ஒரு மாடிப்படியில் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தவன் கால் வழுக்கி விழுந்தான். தலையில் அடி. பல நாள் கண் திறக்கவில்லை. அவள் வேண்டாத தெய்வமில்லை. ஒரு காலையில் கண்ணைத் திறந்து, கட்டிலுக்குக் கீழே தரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "யாருய்யா இந்த டைல்ஸ் போட்டது? கோணலா இருக்கு" என்றான். நர்ஸ் சிரித்தாள். இவள் சிரித்துக்கொண்டே அழுதாள். "அவர் வந்துட்டார், வந்துட்டார்" என்று தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் போன் போட்டாள்.

தினமும் போய்க் கட்டிலோரம் உட்கார்ந்து கேட்பாள். நான் யாரு? உங்க பேரு என்ன? என்ன வேலை பாக்குறீங்க? அவனும் டக்கென்று சொல்லிவிடுவான். கடைசிக் கேள்விக்கு மட்டும், "இந்த மாதிரி கோணலா போடாத வேலை" என்பான். அந்தச் சந்தோஷத்தில்தான் ஒருநாள் பேச்சுவாக்கில், "நம்ம பொண்ணு உங்களையே கேட்டுட்டிருக்கா" என்றுவிட்டாள். அவன் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல மரியாதையாகச் சிரித்தான். "எந்தப் பொண்ணு?"

அவள் சட்டென்று மருந்துச் சீட்டைக் கையில் எடுத்தாள். பேச்சை மாற்றினாள். அதற்குப் பிறகு மகளைப் பற்றிய பேச்சையே எடுக்கவில்லை. பழைய மூன்று கேள்விகளோடு நிறுத்திக்கொண்டாள். இரண்டாம் வகுப்பு படிக்கிற மகளை ஆஸ்பத்திரிப் பக்கம் கூட்டி வரவும் இல்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த நாத்தனாரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள்.

"அண்ணி, பாப்பா தூக்கத்துல கூட அப்பான்னுதான் முனகுறா. எத்தனை நாளைக்குப் பொத்திப் பொத்தி வைப்பீங்க?"

"யாரு இதுன்னு அவ முகத்துக்கு நேரா கேட்டுட்டார்னா? அந்தப் பிஞ்சு தாங்குமா? சொல்லு."

நாத்தனார் எழுந்துபோய்த் தூங்குகிற குழந்தைக்குப் போர்வையை இழுத்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் மீண்டும் ஓர் அளவு. கோடு ஊர்ந்தது, முட்டியது, டேட்டாபேஸ் திறந்தது. மூன்று கேள்விகளுக்கும் மணியாகப் பதில் வந்தது. கடிகாரத்தை நிறுத்தப் போன விரல் அப்படியே நின்றது. ஆஸ்பத்திரியில் அவரிடம் அதே மூணு கேள்வி. இங்கேயும் அதே மூணு. யாரோ தன் திருட்டைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி அவளுக்கு முகம் சுட்டது.

நான்காவதாக ஒன்று கேட்டாள். போன வருஷம், யாரும் தேடாத ஒரு பயணம், கடைசி வரிசை சீட்டு, அதில் யார்? திரையில் சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அவள், நம் ஸ்டாப்வாட்ச், ஒரு டீயை முழுசாகக் குடித்து முடித்த பிறகு பதில் வந்தது. அதையே திரும்பக் கேட்டாள், உடனே வந்தது. வேறொரு பழைய பயணம் கேட்டாள், மறுபடியும் சக்கரம்.

அட, இதுதானா சங்கதி! புது வீட்டுக் கதவைத் திறந்து விளக்கைப் போட்டுவிட்டு, குடி வந்தாச்சு என்று சொல்வதுபோலத்தான் இத்தனை நாளும் நடந்திருக்கிறது. அவளுடைய மூன்று கேள்விகளுக்கு வேண்டிய ஒன்றிரண்டைத் தவிர மற்றப் பெட்டிகளெல்லாம் இன்னும் லாரியில். எதைக் கேட்கிறோமோ அதை மட்டும் ஓடிப்போய்த் தூக்கி வருகிறது. அவள் கதவு திறந்த நேரத்தை அளந்திருக்கிறாள். ஒன்று விடாமல் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கச் சொல்லி உத்தரவு கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள். வெயில் மேசையிலிருந்து தரைக்கு இறங்கி, சுவரில் ஏறி, மறைந்தது. அப்போதுதான் கடைசிப் பயணி வந்து உட்கார்ந்தான்.

மேலாளர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "ஏம்மா, நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு? இப்ப போய் அரை நாள் ஆகும்னு சொன்னா என்னைக் கிழிச்சுத் தொங்க விட்டுடுவாங்க."

"பஸ் ஸ்டாண்டுல கூட்டம் நிக்குது, டிரைவர் போன்ல சக்கரம் சுத்திட்டே இருக்குன்னா, அப்பவும் உங்களைத்தானே சார் தொங்க விடுவாங்க?"

"இத்தனை நாளா இது ஏன் தெரியலை?"

"பதில் வந்துரும்னு தெரிஞ்ச கேள்வியா பாத்து கேட்டுட்டிருந்தேன் சார்."

"சரி, நானே பேசிக்கிறேன். நீ சரியான அளவை எழுதிக் குடு" என்று போனை எடுத்தார்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தாள். தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக வந்து அவள் மடியில் விழுந்து போயின. மனுஷன் என்ன டேட்டாபேஸா, லூசு, என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அங்கே எவ்வளவு நேரமானாலும் பெட்டி லாரியில் இருக்கிறது என்று நிச்சயம். இங்கே லாரியே காலியாக இருந்தால்? இருந்தாலும், கேட்காமலே இருந்தால் எதுவும் வரப்போவதில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. பயமாக இருந்தது. அவ்வளவு பயம் அவன் கண் திறக்காமல் கிடந்தபோதுகூட இல்லை.

மறுநாள் பார்வையாளர் நேரத்துக்கு அவள், நாத்தனார், குழந்தை மூவரும் போனார்கள். வழியெல்லாம் வாயாடிக்கொண்டு வந்த குழந்தை அறை வாசலில் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டது. அப்பாவுக்கு மொட்டை அடித்திருந்தார்கள், ரொம்ப இளைத்திருந்தான். பச்சைத் திரைச்சீலை காற்றில் உப்பி உப்பி அடங்கியது. அவன் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணா, இது..." என்று ஆரம்பித்த நாத்தனாரின் கையை அவள் இறுக்கிப் பிடித்து அடக்கினாள். பேரைச் சொல்லிவிடத் துடித்த தன் வாயையும் மூடிக்கொண்டாள். அவன் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் ஒன்றுமில்லை. அறைக்கு வெளியே யாரோ தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் வந்து, தேய்ந்து, போயேவிட்டது. அவள் வாழ்க்கையில் முதல்முறையாக நேரம் பார்க்கவில்லை.

என்ன செய்வதென்று தெரியாமல் குழந்தை அசட்டுத்தனமாகச் சிரித்தது.

அவன் புருவத்தைச் சுருக்கினான். கையை ஊன்றிக் கொஞ்சம் எழுந்தான்.

"ஏய், ஆடிட்டிருந்த பல்லு எங்கடி?"

"நீ தூங்கிட்டிருந்தப்ப விழுந்துடுச்சுப்பா" என்றது குழந்தை.