பிந்திப் போன பதில்

இன்று காலை எலப்புள்ளி வீட்டின் பின்னறையில் புது இணையப் பெட்டி மாட்டினார்கள். சுவரில் துளை போட்டதும் சிமெண்ட் தூள் வாசனை வந்தது. அந்த அறையைக் கட்டியபோதும் இதே வாசனைதான். அப்பாவுக்காகக் கட்டியது. அவர் அதில் ஒருநாளும் படுக்கவில்லை.

மாட்ட வந்தவர் மீனாட்சிபுரத்துக்காரர். பழைய இணைப்பில் பேச்சு ஏன் விட்டுவிட்டு வந்தது என்று கேட்டேன். கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியைக்கூட எழுதி வைக்கிறவன் நான், வீட்டில் சிரிப்பார்கள்.

"ஸ்பீடு பத்தாம இல்லீங்க. பேச்சு துண்டு துண்டாத்தானுங்க போகுது. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நேரத்துக்குப் போய்ச் சேரும். அங்கிருக்கற போன் கொஞ்ச நேரம் காத்துப் பாக்கும். அதுக்கும் பொறவு வந்தா, தூக்கி வீசிரும்."

"வந்து சேர்ந்ததையா?"

"ஆமாங்க. நேரங்கெட்டு வந்தா வராத மாதிரித்தானுங்க."

அவர் ஏணியில் ஏறிவிட்டார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா வேலை செய்த பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்தில் காலையில் பெரட்டு உண்டு. வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள். உடனே சத்தம் கொடுக்க வேண்டும். ஒரு மூச்சு பிந்தினால் அடுத்த பேருக்குப் போய்விடுவார்கள். அன்றைக்கு வேலை இல்லை. அப்பா பிந்தியதே இல்லை. வீட்டிலும் அதே சட்டம்தான். அவர் "ஏலே" என்றால், வாயில் கஞ்சி இருந்தாலும் "அப்பா" என்றாக வேண்டும். சட்டையெல்லாம் கஞ்சியாகப் பள்ளிக்கூடம் போன நாட்கள் எனக்கு உண்டு.

நான் கஞ்சிக்கோட்டில் ஆலை வேலைக்கு வந்தபின் எங்கள் பேச்சு இணைய அழைப்பில்தான். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் சிக்னல் கிடைக்காது; அப்பா அதற்கு மேலே தண்ணீர்த் தொட்டிவரை ஏறி நின்று பேசுவார். குரல் பிந்தி வருவதால் இருவரும் ஒன்றாகப் பேசுவோம், ஒன்றாக நிறுத்துவோம்.

அவர் ஓய்வுபெறும் மாதம். லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். அறை கட்டியதை நான் சொல்லவில்லை; வந்து பார்க்கட்டும் என்றிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே கேட்டார்.

"அங்கன வந்து ஒங்கூட இருந்துக்கிறட்டுமாய்யா?"

"வாங்கப்பா" என்றேன், உடனே. கொஞ்சம் கரகரப்பு. பிறகு அவர் குரல்: "சரி, பாப்போம்." வைத்துவிட்டார். அவருடைய சம்மதம் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து, நாட்குறிப்பில் 'அப்பா வருகிறார்' என்று எழுதினேன்.

ஆனால் அவர் வண்டிப்பெரியாற்றில் என் தங்கை வீட்டுக்குப் போனார். மகள் வீடு பிடித்திருக்கிறது போல என்று எடுத்துக்கொண்டேன். கொஞ்சம் கோபம்கூட. ஏன் என்று கேட்கவில்லை. அங்கேயே இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பாத்திரம் கழுவிக்கொண்டே தங்கை சொன்னாள்.

"ஒங்கிட்ட வரவான்னு கேட்டாராம்ணே. நீ சத்தமே குடுக்கலையாம். பேரு கூப்ட்டுச் சத்தம் வரலன்னா ஆளு இல்லன்னுதான அர்த்தம்னாரு. அதுக்குமேல அதப் பத்திப் பேசல."

சொன்னேன் என்றேன். அவள் நம்பினாளா தெரியாது. நாளாக ஆக, உடனேதான் சொன்னேனா என்று எனக்கே நிச்சயமில்லாமல் போயிற்று. என் பதில் போய்ச் சேர்ந்தும், பிந்தியதென்று அவர் போனே அதை வீசியிருக்கலாம் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. தெரிந்து ஒன்றும் ஆகவில்லை. காபி குடித்தேன்.

வந்தவர் தெருவில் நின்று, சோதித்துப் பார்க்க என்னை அழைத்தார். குரல் பக்கத்தில் நிற்பதுபோலத் தெளிவாக இருந்தது. நன்றாகக் கேட்கிறது என்றேன்.

பீர்மேட்டில் அந்த லயத்தை இடித்துவிட்டார்கள். தொட்டியும் இல்லை. அப்பாவின் எண்ணை என் போனிலிருந்து நான் அழிக்கவில்லை. அந்த எண்ணை வேறு யாருக்கோ கொடுத்திருக்கிறார்கள்; அவர் பெயருக்குப் பக்கத்தில் இப்போது கம்பளித் தொப்பி போட்ட ஒரு கைக்குழந்தையின் படம் இருக்கிறது.