ஈரத் தலை

சவரியம்மாள் தன் பிள்ளையைப் புதைத்த பிறகுதான் பம்பாய்க்கு ரயில் ஏறினாள். பிறந்து கொஞ்ச நேரமே இருந்த ஆண் பிள்ளை. ஞானஸ்நானம் கொடுக்கச் சாமியார் பக்கத்து ஊரிலிருந்து வருவதற்குள் முடிந்துவிட்டது. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளை கடவுளின் முகத்தைப் பார்க்காது என்றார் மாதா கோயில் உபதேசியார். கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே குழி வெட்டினார்கள். அவசரத்தில் யார் வேண்டுமானாலும் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பதையும் அவர்தான் சொன்னார். மண்ணைத் தள்ளி மூடிய பிறகு சொன்னார்.

மாட்டுங்காவில் ஒரு பிரசவ விடுதியில் ஆயாவாக இருந்து வேலை கற்றாள். தாராவியில் அவள் குடியிருந்த சந்தில் பிரசவம் என்றால் அவளைத்தான் கூப்பிட்டார்கள். மாரியம்மன் வீடு, மாதா வீடு என்று அவள் பார்க்கவில்லை. பிழைக்காது என்று கைக்குத் தெரிந்துவிட்ட பிள்ளைகளுக்கு மட்டும், யாரும் பார்க்காதபோது, தலையில் தண்ணீர் ஊற்றி, பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்ற மூன்று நாமங்களையும் சொல்லி, ஒரு பெயரும் வைத்தாள். தாய்மாரிடம் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் மற்றப் பாவங்களோடு இதையும் சொன்னபோது சாமியார் கேட்டார்:

"ஊத்துறது தப்பில்லம்மா. பெத்தவகிட்ட ஒளிக்கிறியே, அது?"



பக்கத்து வீட்டுப் பூமாரி ஒருநாள் கதவிடுக்கில் பார்த்துவிட்டாள். குழாயடியில் பேச்சு பரவியது.

"அவ தலையில தண்ணி ஊத்துனா புள்ள தங்காதுட்டி."

"பெறவு ஏன் அவளையே கூப்பிடுதிய?"

"வேற எவ வாறா? ஒங்க மாமியாளா வருவா?"

சிரித்தார்கள். சவரியம்மாள் குடத்தோடு வந்ததும் சிரிப்பு நின்றது. ஒருத்தி தன் பிள்ளையின் தலையை முந்தானையால் மூடினாள். சவரியம்மாள் சாகப்போகிற பிள்ளைக்குத்தான் தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் ஊற்றியதால்தான் செத்தது என்று சந்து எடுத்துக்கொண்டது.

அறுபத்து நாலாம் வருஷத்து ஆடி மழையில் அதே சந்து இசக்கிப்பாண்டி அவள் கதவைத் தட்டினான். வேலை பார்க்கும் தோல் கிடங்கிலிருந்து நேரே வந்திருந்தான். நக இடுக்கில் தோலுக்குப் போடும் சுண்ணாம்பு அப்படியே இருந்தது. முந்தின வருஷம் அவனுடைய முதல் பிள்ளை அவள் கையில்தான் போயிற்று. இப்போது அவன் மனைவி செண்பகவல்லிக்கு மறுபடி வலி. சந்தில் முழங்காலளவு தண்ணீர். ஆஸ்பத்திரிக்குப் போக டாக்ஸி வராது.

"வாங்க மதினி. ஒண்ணு மட்டும் சொல்லிக்கிடுதேன். புள்ள தலையில ஒரு சொட்டு பட்டுது, நான் மனுசனா இருக்க மாட்டேன்."

"குளிப்பாட்டணும்லா?"

"அத நான் பாத்துக்கிடுதேன்."

வீட்டுக்கு வந்ததும் தண்ணீர்ப் பானையைத் தூக்கி வெளித் திண்ணையில் வைத்து அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான். கதவடியில் அவன் நிழல் தெரிந்தது.

மத்தியானம் பெண் பிள்ளை பிறந்தது. நீலம் பாரித்திருந்தது. சவரியம்மாள் வாயிலிருந்த சளியை உறிஞ்சித் துப்பினாள். முதுகைத் தேய்த்தாள். உள்ளங்காலில் தட்டினாள். அழுகை வரவில்லை. விட்டுவிட்டு மூச்சு மட்டும் வந்தது. கைக்குத் தெரிந்துவிட்டது.

கூரைத் தகரம் ஒழுகி ஒரு அலுமினியத் தட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்ப்பதைச் செண்பகவல்லி பார்த்தாள்.

"மொத புள்ளைக்கு ஊத்துனியளாக்கா?"

இந்த முறை ஒளிக்கக்கூடாது என்று சவரியம்மாள் நினைத்தாள்.

"ஊத்துனேன். ஒங்கிட்ட கேக்காம ஊத்துனேன்."

"எதுக்கு?"

"அவன் எங்க போறான்னு தெரியாம அனுப்ப மனசில்ல."

"எங்க போயிருக்கான்?"

"ஆண்டவருகிட்ட."

"பாத்தியளா?"

"பாக்கல. நம்புதேன்."

செண்பகவல்லி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். போன பிறவியின் பலன் என்றார்கள், கண்ணேறு என்றார்கள், மருத்துவச்சி கை என்றார்கள். ஒரு வருஷமாக எல்லோரும் ஏன் போனான் என்றுதான் சொன்னார்கள். எங்கே போனான் என்று யாரும் சொல்லவில்லை.

"பேரு வச்சியளா?"

"சேசுராஜ்."

அந்தப் பெயரைச் செண்பகவல்லி சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தாள்.

"இவளுக்கும் ஊத்துங்க."

சவரியம்மாளின் கை தட்டு வரைக்கும் போய் நின்றது. கதவடியில் நிழல் அசைந்தது.

"பயமா இருக்கோ?"

"இருக்கு, தாயி."

"நான் ஊத்துனா செல்லுமா?"

"யாரு ஊத்துனாலும் செல்லும்."

சவரியம்மாள் தட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள். வார்த்தைகளை ஒவ்வொன்றாகக் காதில் சொன்னாள். செண்பகவல்லி அவற்றைத் திரும்பச் சொல்லிக்கொண்டே கையால் மொண்டு ஊற்றினாள். லூர்து மேரி என்று பெயர் வைத்தாள்.

முணுமுணுப்புக் கேட்டுக் கதவு திறந்தது. இசக்கிப்பாண்டி பிள்ளையின் ஈரத் தலையைப் பார்த்தான். பிறகு சவரியம்மாள் பக்கம் திரும்பினான். செண்பகவல்லி தன் கையை அவன் முன்னால் நீட்டினாள். நீர் வழிந்தது.

"அவகள ஏன் பாக்கிய? நான்தான்."

விளக்கு வைக்கிற நேரத்தில் மூச்சு நின்றது. அவன் பிள்ளையைத் துணியில் சுற்றித் தானே எடுத்துப்போனான். புதைத்த இடத்தைச் செண்பகவல்லியிடம் சொல்லவில்லை.

சவரியம்மாளை யாரும் ஒன்றும் செய்யவில்லை. சந்து அவளைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டது. பெற்ற பிள்ளைக்குத் தானே ஊற்றியவள் என்று, குழாயடியில் இப்போது செண்பகவல்லி வந்தால்தான் பெண்கள் விலகினார்கள். ஒருநாள் சாயங்காலம் சவரியம்மாள் அவள் வீட்டுக்குப் போனாள்.

"சொல்லிக்குடுத்தது நான்தான்னு ஒம் புருசங்கிட்ட சொல்லிருதேன்."

"வேண்டாம்க்கா. அவரு புதைச்ச எடத்த சொல்லாட்டாப் போட்டும். ரெண்டும் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்."

இசக்கிப்பாண்டி வேலையிலிருந்து வந்தான். செண்பகவல்லி எழுந்து ஒரு தம்ளர் தண்ணீரை நீட்டினாள். அவள் கையிலிருந்து அவன் அதை வாங்கவில்லை. பானையில் தானே மொண்டு, அவளைப் பார்த்துக்கொண்டே குடித்தான். பிறகு சவரியம்மாளிடம் சொன்னான்:

"நீங்க கெளம்புங்க, மதினி."

அவள் வெளியே வந்ததும் உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.