மூன்று விரல்களில் ஒரு கணக்கு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் தயங்கினேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயம். கடைசிப் பகுதியை நினைத்தால் கையும் ஓடாது. ஆண்டவர் பெலன் கொடுத்ததால் இப்போது எழுதுகிறேன்.

என் கணவர் மதுக்கரைப் பக்கம் ஒரு பட்டறையில் கம்ப்யூட்டர் லேத்துகளைப் பழுது பார்த்து வந்தார். நரம்புகள் ஒவ்வொன்றாக அடங்கிப்போகும் நோய் வந்து முதலில் நடை போனது, பிறகு பேச்சு. வலது கையில் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மட்டும் அசைந்தன. அவர் மனதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு வேறு வழியில்லை.

அவரோடு வேலை பார்த்தவர் ஒரு கணக்குச் சொல்லித் தந்தார். எழுந்த விரல் ஒன்று, படுத்த விரல் பூஜ்யம். மோதிர விரலுக்கு மதிப்பு ஒன்று, நடுவிரலுக்கு இரண்டு, ஆள்காட்டி விரலுக்கு நான்கு. எழுந்ததைக் கூட்டினால் எண் வரும். மூன்று தண்ணீர், நான்கு புரட்டிப் படுக்க வைப்பது, ஏழு ஜெபம். என் கணவர் ஒன்றிலிருந்து வரிசையாக ஏறி, வேண்டிய எண்ணில் நின்றுவிடுவார்.

ஆள்காட்டி விரலில் தொடங்கி வரிசையாக எழுதினால் மூன்று என்பது 011, நான்கு 100. மூன்றிலிருந்து நான்குக்குப் போக இரண்டு விரல் இறங்கி ஒன்று எழ வேண்டும். அவருக்கு எல்லாம் ஒன்றாக அசையாது. ஆள்காட்டி விரல் முந்திக்கொள்ளும். மூன்று விரலும் நிற்பதைப் பார்த்து, ஏழு என்று நான் கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்துவிடுவேன்.

கணக்குச் சொல்லித் தந்த அந்த நண்பர் ஒருநாள் இதைப் பார்த்துவிட்டார்.

"அக்கா, அண்ணன் புரட்டிப் போடச் சொல்றாருங்க. நீங்க ஆமென் வரைக்கும் போயிட்டீங்க."

இவர் உதட்டோரம் சிரித்தது.

"சிரிக்கறதப் பாருங்க. முதுகு நோக நோக எம்பட ஜெபத்தக் கேட்டுட்டு கெடந்திருக்கறாரு" என்றேன்.

"லேத்துல எவ்வளவு சுத்துச்சுன்னு எண்ணிச் சொல்ற தட்டுக்கும் இதே தொந்தரவுதானுங்க. அதுக்குத்தான் கிரே கோடுன்னு ஒண்ணு இருக்குது. அடுத்த எண்ணுக்குப் போறப்ப ஒரே ஒரு விரல்தான் மாறும்."

மாற்றும் விதம் இதுதான். பழைய எண்ணில் முதல் இலக்கத்தை அப்படியே எழுத வேண்டும். பிறகு பக்கத்துப் பக்கத்து இலக்கங்களைப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றுபோல இருந்தால் பூஜ்யம், வேறாக இருந்தால் ஒன்று. அப்படி மூன்று 010 ஆகும், நான்கு 110 ஆகும். மூன்றிலிருந்து நான்குக்குப் போக, நிற்கிற நடுவிரலோடு ஆள்காட்டி விரலும் எழுந்தால் போதும். அரிசி களையும்போதும் இதையே முணுமுணுத்து மனப்பாடம் செய்தேன். அதன்பின் அவர் கேட்டது தப்பாமல் கிடைத்தது.

நோய் நிற்கவில்லை. மோதிர விரல் ஓய்ந்தது, பிறகு நடுவிரல். மிஞ்சிய ஒரு விரலுக்கு எந்தக் கணக்கும் ஒன்றுதான். எழுந்தால் ஆமாம், படுத்திருந்தால் வேண்டாம்.

ஒரு ஞாயிறு மதியம் அவருக்கு மூச்சு வாங்கியது.

"ஏனுங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிரலாமுங்களா?"

விரல் எழவில்லை. மறுபடி கேட்டேன். எழவில்லை. வேண்டாம் என்கிறார் என்று எடுத்துக்கொண்டு கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பொழுது சாய்வதற்குள் ஆண்டவரிடம் போய்விட்டார்.

கொண்டுபோயிருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்று மருத்துவர் சொன்னார். அது புரிகிறது. அவர் வேண்டாம் என்றாரா, தூக்கப் பெலனில்லாமல் கிடந்தாரா என்பதுதான் தெரியவில்லை. இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான். ஜெபத்திலும் இதைத்தான் கேட்கிறேன்.

வீட்டில் இப்படி ஒருவரை வைத்திருப்பவர்களே, வேண்டாம் என்பதற்கும் ஓர் அசைவை வையுங்கள். அசையாமல் இருப்பதற்கு எந்த அர்த்தமும் கொடுக்காதீர்கள். தேவைப்படுகிறவர்களுக்கு இதைக் கொடுங்கள். ஒரு பூஜ்யத்தைக்கூட மாற்றாமல், எழுதியபடியே கொடுங்கள்.