தோளோடு நின்ற கோடு

தாளில் படுத்திருந்த அந்தப் பிள்ளையை நான் ஏன் எழுந்திருக்கச் சொன்னேன்? ஐந்து மாதமாகிறது. துணி காயப்போடும்போதும் குக்கர் விசிலை எண்ணும்போதும் இந்தக் கேள்வி வந்து நிற்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு பதில் கிடைக்கிறது. மறுநாள் அது பொய்யாகத் தெரிகிறது.

என் மகள் பசுமலையில் ஒரு பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். இந்த ஆண்டு அவள் வகுப்பும் போலந்து நாட்டில் ஒரு சிறிய ஊர்ப் பள்ளியின் வகுப்பும் கூட்டாளிகள். கடிதம் எழுதிக்கொள்வார்கள், திரையில் பேசிக்கொள்வார்கள். எதற்காக இதெல்லாம் என்று பள்ளியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அன்பு, யாரையும் விட்டுவிடாமல் சேர்த்துக்கொள்வது, வித்தியாசங்களை மதிப்பது. இரண்டு முறை படித்து, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தேன். பள்ளியிலிருந்து எந்தக் காகிதம் வந்தாலும் நான் அப்படித்தான். எம்.எஸ்ஸி. படித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். உதவிக்கு வர முடியுமா என்று கேட்டால் முதலில் போய் நிற்பவள் நான்தான்.

செப்டம்பரில் முதல் வேலை வந்தது. ஒவ்வொரு பிள்ளையையும் பிரவுன் ஷீட்டில் படுக்க வைத்து, உடம்பைச் சுற்றி மார்க்கரால் கோடு போட வேண்டும். கோட்டின்படி வெட்டி, பிள்ளைகளே தங்கள் முகத்தையும் உடையையும் வரைந்து வண்ணம் தீட்டுவார்கள். அந்த ஆளுயரக் காகிதங்களைச் சுருட்டி போலந்துக்கு அனுப்புவோம். அவர்களும் அனுப்புவார்கள். அவர்கள் வகுப்பில் நம் பிள்ளைகள் நிற்பார்கள், நம் வகுப்பில் அவர்கள்.

கோடு போடும் வேலை எனக்கு வந்தது. கூடத்துத் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தேன். காலில் தொடங்கி, இடுப்பு, கை, விரல்கள், தோள் என்று ஒரு பக்கமாக ஏறி, தலையைச் சுற்றி, மறுபக்கம் இறங்க வேண்டும். தலைக்கு வரும்போது இடது உள்ளங்கையால் பிள்ளையின் நெற்றியைப் பிடித்துக்கொண்டால்தான் காதோரம் கோடு நேராக வரும்.

"ஆண்ட்டி, கூசுது! ஆண்ட்டி, கூசுது!" என்று எல்லாப் பிள்ளைகளும் நெளிந்தார்கள்.

தரை துடைக்க வந்த ஆயா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "என்னம்மா இது, லாரி அடிச்ச எடத்துல போலீஸ்காரக கோடு போட்ட மாதிரில்ல இருக்கு. உசுரோட இருக்கிற பிள்ளைகள இப்படியா கெடத்துறது?"

"சும்மா இருங்கக்கா" என்று சிரித்தேன். ஆனால் அதன்பிறகு எனக்கு அது அப்படியே தெரியத் தொடங்கிவிட்டது. எழுந்து ஓடிய பிள்ளைகள் விட்டுப்போன கோடுகள், கூடம் முழுக்க.

அப்புறம் அந்தப் பிள்ளை வந்து படுத்தாள். கீழக்குயில்குடிப் பக்கத்திலிருந்து வேனில் வருகிறவள். என் மகளின் சிநேகிதி. அவள் நெளியவில்லை, சிரிக்கவில்லை. கண்ணை மூடி, கையைச் சற்று விரித்து, மூச்சு ஓடுவதே தெரியாமல் கிடந்தாள். பாதத்தில் தொடங்கினேன். விரல்களைச் சுற்றும்போதுகூட ஒரு துடிப்பு இல்லை. தோளுக்கு வந்தேன். எண்ணெய் வைத்து வாரிய இரட்டைச் சடை தாளில் கிடந்தது. என் இடது கை அவள் நெற்றியை நோக்கிப் போய், தொடாமல் நின்றது.

"வடக்க தலை வச்சுப் படுத்திருக்க கண்ணு. எந்திரி. அப்பறமா வரைவோம்."

"சரி ஆண்ட்டி" என்று எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, சுவரோரம் போய் உட்கார்ந்தாள்.

பாதிக் கோடு விழுந்த தாளைச் சுருளிலிருந்து கிழித்து ஓரமாக வைத்தேன். புதுத் தாளை விரித்து அடுத்த பிள்ளையைப் படுக்கச் சொன்னேன். அதே இடத்தில், அதே வடக்குத் தலையாக. அதற்கு முன்னால் பதினெட்டுப் பிள்ளைகளும் அப்படித்தான் படுத்தார்கள். பின்னால் வந்தவர்களும் அப்படித்தான். அவளை நான் திரும்பக் கூப்பிடவில்லை. கடைசியில் மிஸ் வந்து கேட்டபோது, "எல்லாம் முடிஞ்சிருச்சு மிஸ்" என்றேன். மற்றவர்கள் வண்ணம் தீட்டிய இரண்டு நாளும் அவள் என் மகளின் காகிதத்துக்குச் சடை வரைந்து கொடுத்திருக்கிறாள்.

கிழித்த தாளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். நல்ல கனமான தாள், வீணாக்க மனசு வரவில்லை. அக்டோபரில் இரண்டாம் பருவ நோட்டுகள் வந்தன. அந்தத் தாளை நான்காக வெட்டி, கோடு உள்பக்கம் போகும்படி மடித்து, நான்கு நோட்டுக்கு அட்டை போட்டேன். உள்ளே இருப்பது யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்ததும் நினைவிருக்கிறது.

நவம்பரில் போலந்துப் பிள்ளைகள் காகிதமாக வந்து சேர்ந்தார்கள். கொடி கட்டி கிளிப் போட்டுத் தொங்கவிட நான்தான் போனேன். மின்விசிறி சுற்றியதும் எல்லோரும் ஒன்றாகக் கையைத் தூக்கினார்கள். மஞ்சள் முடி, சிவப்புக் கம்பளிச் சட்டை, பல் தெரியும் சிரிப்பு. கடைசியாக விரித்த ஒன்றில் முகம் இல்லை. தொப்பி, கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, பூட்ஸ் எல்லாம் இருந்தன. தொப்பிக்கும் கோட்டுக்கும் நடுவே வெறும் வெள்ளைத் தாள். கூட ஒரு சீட்டு வந்திருந்தது. மிஸ் வாசித்துச் சொன்னார். அந்த வகுப்பில் ஒரு பிள்ளை பல மாதமாக ஆஸ்பத்திரியில் இருக்கிறாளாம். அவள் வராததால், அவளுடைய துணிகளைத் தாளில் பரப்பி அதைச் சுற்றிக் கோடு போட்டிருக்கிறார்கள். திரும்பி வந்ததும் முகத்தை அவளே வரைவாள், அதுவரை இவளும் எங்களோடுதான் என்று எழுதியிருந்தார்கள்.

இல்லாத பிள்ளையை அவர்கள் வரைந்திருந்தார்கள். கொடியின் நடுவில் அவளை மாட்டினேன்.

"அந்த மூஞ்சியில்லாதத மூலையில போடுங்கம்மா. கூட்ட வாரப்பல்லாம் அது என்னையே பாக்குது" என்றார் ஆயா, ஒரு வாரம் கழித்து.

"மூஞ்சியே இல்ல, எப்படிக்கா பாக்கும்?"

"அதத்தான் நானும் கேக்கேன்!"

அந்த மாதம் மழை பிடித்துக்கொண்டது. மகளின் புத்தகப் பை இரண்டு நாள் நனைந்து வந்தது. நோட்டுகளை விசிறிக்கடியில் விரித்து வைத்தேன். சாயங்காலம் எடுக்கப்போனால், கணக்கு நோட்டின் பின்னட்டையில் ஒரு கை. உள்ளிருந்து ஊதா மை ஊறி, ஐந்து விரலும் வெளியே வந்திருந்தன. உள்ளே யாரோ அழுத்தி வைத்தது போல. வேறு அட்டை போடுகிறேன் என்று கேட்டேன். மகள் கொடுக்கவில்லை. நோட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, தன் இடது கையை அந்தக் கையின்மேல் விரலுக்கு விரல் வைத்தாள். ஏறக்குறையச் சரியாக இருந்தது.

"யார் கைன்னு தெரியும்" என்றாள்.

நான் தோசைக்கல்லைப் பார்க்கப் போய்விட்டேன்.

பொங்கல் முடிந்து போலந்துப் பள்ளியோடு திரையில் பேசும் நாள் வந்தது. இங்கே மதியம் இரண்டரை. அங்கே காலை, ஜன்னலுக்கு வெளியே பனி வெளுத்துக் கிடந்தது. நான் வகுப்பின் பின்னால் நின்றேன். அந்தப் பிள்ளைகளின் தலைக்கு மேல் எங்கள் பிள்ளைகள் வரிசையாகத் தொங்கினார்கள். இங்கே பெஞ்சில் இருக்கிற அதே முகங்கள், அங்கே அசையாமல். வரிசையின் நடுவில் ஒரு கிளிப் மட்டும் காலியாக இருந்தது.

பாட்டு, கேள்வி, பதில் எல்லாம் முடிந்தபின் அந்த ஊர் டீச்சர் நிதானமான ஆங்கிலத்தில் கேட்டார்: நீங்கள் ஜூனில் அனுப்பிய வகுப்புப் படத்தில் முப்பத்தொரு பேர், எங்களுக்கு வந்தது முப்பது பேர், யாரைக் காணோம்?

எங்கள் மிஸ் குழம்பிப்போனார். எண்ணிக்கை தவறு என்று நினைத்திருப்பார். அவர் மெல்ல எடுத்துக் கொடுத்ததைப் பிள்ளைகள், இறைவணக்கம் சொல்கிற அதே ராகத்தில், ஒரே குரலாகச் சொன்னார்கள்.

"நோ ஒன் இஸ் மிஸ்ஸிங், மேம்."

இரண்டாவது வரிசையில் அவளும் சொன்னாள். வாயை நன்றாகத் திறந்து, மற்றவர்களோடு சேர்த்து, யாரும் விடுபடவில்லை என்று அவளே சொன்னாள். திரையின் மூலையில் சின்னக் கட்டத்தில் எங்கள் வகுப்பு தெரிந்தது. எல்லா வாயும் அசைந்தது. அசையாமல் இருந்த ஒரே வாய் என் மகளுடையது.

அங்கே ஒரு பையன் எழுந்து காலி கிளிப்பைக் காட்டினான். "நாங்கள் இடம் வைத்திருக்கிறோம்" என்றான்.

மறுநாள் சனிக்கிழமை. மாவரைத்துவிட்டு வந்து பார்த்தால், மகள் நான்கு நோட்டின் அட்டையையும் பிரித்துத் தரையில் சேர்த்து வைத்திருந்தாள். பாதம், முழங்கால், இடுப்பு, கை, தோள். எங்கள் வீட்டுக் கூடத்தில், டிவிக்கு முன்னால், ஒரு பிள்ளையின் ஒரு பக்கம் கிடந்தது. மடிப்புகளால் அங்கங்கே முறிந்த மாதிரி இருந்தது.

"தலை எங்கம்மா?"

"வரையலடா."

"ஏன்?"

"வடக்கே தலை வச்சு..."

"நானும் வடக்கதான படுத்தேன்? என்னை மட்டும் வரைஞ்சீக?"

கணவரிடம் சொன்னேன். "நீயா எதையாச்சும் நெனச்சு மண்டையப் போட்டு ஒடைச்சுக்கிறாத. மறந்து போச்சு, அம்புட்டுத்தான்" என்றார். மறக்கவில்லை என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

பயந்துவிட்டேன் என்றுதான் பல நாள் சொல்லிக்கொண்டேன். அவ்வளவு அசையாமல் கிடந்தால் யாருக்குத்தான் பயம் வராது? பெற்றோர் கூட்டத்தன்று அவள் அம்மாவைப் பார்த்தேன். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தபடி வந்தார்.

"என்ன, உங்க மகளும் எம் மகளும் ஒரே டப்பாவுல திங்குறாளுகளாமே? உங்க புளிச்சாதத்துக்கு எம் மக அடிமையாயிட்டா."

"உங்க பொண்ணு ரொம்ப அமைதி மேடம்."

"அவளா? வீட்ட ரெண்டாக்கிருவா! நான் நைட் ட்யூட்டி முடிச்சுப் பகல்ல தூங்குவேன்ல, அப்ப மட்டும் பக்கத்துல வந்து மூச்சு விடாம படுத்துக்கிடுவா, அம்மா முழிச்சிரக் கூடாதுன்னு. படுத்தா அந்தப் பழக்கம்தான்."

அதோடு என் பயத்துக்கும் காரணம் இல்லாமல் போயிற்று. வீட்டுக்கு நடந்து வரும்போது இன்னொன்று தட்டுப்பட்டது. வகுப்பிலுள்ள மற்ற அம்மாக்களையெல்லாம், ஆயாவைக்கூட, அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். இவரை மட்டும் மேடம் என்கிறேன். அது மரியாதை என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

என் மாமனார் ஊரும் அந்தப் பக்கம்தான். ஜூனில் முதல் தடவை அந்தப் பிள்ளையின் அம்மா தன் ஊரைச் சொன்னபோதே, எந்தத் தெரு என்று கேட்காமலே தெரிந்துகொண்டேன். எங்கள் வயல்களில் கூலிக்கு நின்றவர்களின் தெரு. தெரிந்ததை வெளியில் காட்டவில்லை. என் மகளுக்குச் சொல்லவும் இல்லை. இரண்டு பேரும் ஒரே டப்பாவில் கைபோட்டுச் சாப்பிடுவது எனக்குச் சந்தோஷம்தான், சத்தியமாக. அப்படியென்றால் அன்று நெற்றிக்கு மேலே நின்றது யாருடைய கை?

நான்கு துண்டுகளையும் மகள் செலோடேப் போட்டு ஒட்டிவிட்டாள். பீரோவுக்குப் பின்னால் சுருட்டி வைத்தால் எடுத்து மறுபடி விரிக்கிறாள். காலையில் கூடத்தைக் கூட்டும்போது அதைச் சுற்றிக் கூட்டுகிறேன். ஒரு நாளும் மிதித்ததில்லை. கடைசிப் பார்சல் அடுத்த வாரம் போலந்துக்குப் போகிறது. இந்தச் சனிக்கிழமையாவது தலையும் மறுபக்கமும் வரைந்தாக வேண்டும். அவளையே கேட்டுவிட்டாளாம் என் மகள், எங்கள் வீட்டுக்கு வந்து மறுபடி படுப்பாயா என்று.

"என்ன சொன்னா?"

"உங்க அம்மா கூப்பிட்டா வாரேன்னு சொன்னா."

இதைப் படிக்கிற உங்களிடம் கேட்கிறேன், பிள்ளை வளர்ப்பவர்களும் அந்தத் தெருவைப் போன்ற தெருக்களிலிருந்து வந்தவர்களும் குறிப்பாகச் சொல்லுங்கள். அவளைக் கூப்பிடுவதற்கு முன்னால் அவள் அம்மாவிடம் அன்று நடந்ததைச் சொல்ல வேண்டுமா? எனக்கே காரணம் தெரியாதபோது எதைச் சொல்வது? சொன்னால், அந்தச் சிரிப்போடு வருகிறவர் மேல் ஒரு பாரத்தை இறக்கி வைத்துவிட்டு நான் மட்டும் லேசாகிவிடுவேனா? சொல்லாமல் கூப்பிட்டு, தோளில் நின்ற இடத்திலிருந்து கோட்டைத் தொடர்ந்தால், அந்தப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு எதை நினைத்துக் கிடப்பாள்?

எது அவளுக்காக, எது எனக்காக என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.