பொட்டு வைத்த ஃப்ரிட்ஜுக்கு கிளெய்ம் உண்டா?

எங்கள் இன்சூரன்ஸ் சர்வேயர் தொழிலில் காலிங் பெல்லை அழுத்தினால் காபி வரும். "இதுக்கு கிளெய்ம் வராதுங்க" என்று சொன்னால், டம்ளரைக் கையிலிருந்து பிடுங்காத குறைதான். வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்துவிட்டு, மிக்ஸி நின்றதும் பாலிசியைத் தேடி ஓடிய புண்ணியவான்களே, உங்கள் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். மைசூரில் உங்களைப் போன்றவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டே தலை நரைத்தவள் நான்.

செத்தால் போதாது

குவெம்புநகரில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். வாஷிங் மெஷின் மோட்டார் ஓய்ந்துவிட்டது. "சார், உழைச்சுத் தேஞ்சு நின்னா சாதாரண பாலிசி தராது. அதுக்குத் தனியா சேர்த்து எடுத்திருக்கணும். மத்தபடி தீ, இடி, வெள்ளம் மாதிரி ஏதாவது வந்திருக்கணும்" என்று பதமாகச் சொன்னேன். மனிதர் மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்போ இது செத்தது போதாது, கொலை நடந்திருக்கணுமா?"

இடி விழுந்த நேரம்

மளிகைக் கடைக்காரர் ஒருவர், டிவி போனது இடியால்தான் என்று சத்தியம் செய்தார். வெயில் மண்டையைப் பிளந்த வாரம் அது. எந்த நாள், எந்த நேரம் விழுந்தது என்று கேட்டேன். ஆள் கொஞ்சமும் அசரவில்லை.

"நீங்க எப்ப விழுந்தா சரின்னு சொல்றீங்களோ, அப்பத்தான் மேடம்."

காலையில் போட்ட சாமான்

செல்வி கௌதள்ளி கிராமத்துக்காரி, கணவருக்கு நஞ்சன்கூடு ஃபேக்டரியில் வேலை. ஆயுத பூஜையன்று ஃப்ரிட்ஜுக்கும் பொட்டு வைத்து, பிளாஸ்டிக் மாலை போட்டு, அதன் தலையிலேயே கற்பூரம் ஏற்றியிருக்கிறார்கள். மாலை பற்றிக்கொண்டது, ஃப்ரிட்ஜ் போச்சு. மகளுக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை. அவளுடைய இன்சுலின் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்தது. அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்களோ வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

தீ என்றால் பாலிசியில் உண்டு. நிம்மதியாகக் கேமராவை எடுத்தேன். சமையலறை மூலையில் கழுவித் துடைத்த தரைதான் இருந்தது. "கருகின சாமானை வூட்டுல வெக்கக் கூடாதுங்க. காத்தாலதான் குஜரிக்காரர்கிட்டப் போட்டோம்" என்றாள் செல்வி. அடிப்பாவி! எரிந்த பொருளைப் பார்க்காமல் நான் என்னத்தை எழுதுவது? சொந்தக் காசில் வேறு ஃப்ரிட்ஜ் வாங்க அவர்களுக்கு வழியும் இல்லை. அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு அந்தப் பழைய சாமான் கடைக்குப் பறந்தேன்.

கடைக்காரர் கம்ப்ரஸரைக் கழற்ற ஸ்பானரோடு குனிந்துகொண்டிருந்தார். "நில்ஸி, நில்ஸி!" என்று நான் கன்னடத்தில் கத்திய கத்தலில் தெருவே திரும்பிப் பார்த்தது. கதவில் மஞ்சள் குங்குமம், தலையில் உருகிய மாலை, எல்லாம் அப்படியே இருந்தன. அப்பாடா! நான் போட்டோ எடுத்து முடிக்கும்வரை செல்வி என் துப்பட்டாவைப் பிடித்தபடியே நின்றாள். கிளெய்ம் வந்தது. புது ஃப்ரிட்ஜ் வந்த அன்று போன் பண்ணினாள்; அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை.

"மருந்தை உள்ள வெச்சுட்டனுங்க மேடம். பொட்டு மட்டுந்தானுங்க வெச்சேன், கற்பூரத்தை வாசல்லயே காட்டிட்டேன்."

வீட்டு இன்சூரன்ஸில் கெட்டுப்போன சாமானுக்குப் பணம் வருமா என்று கேட்கிறவர்களுக்கு நான் கண்ட பதில் இவ்வளவுதான்: தானாகக் கெட்டால் வராது, சாமி கும்பிட்டுக் கொளுத்தினால் வரும், சர்வேயர் வருவதற்குள் வீட்டைச் சுத்தம் செய்யாமல் இருந்தால்.